இவேட் என்றால் தவிர்த்தலா?

‘இவேட்’ என்னும் ஆங்கில வினைக்குத் தமிழில் நேரான சொல் இல்லை, ஆகவே ‘தவிர்’ என்று எழுதி அமைதி கொள்ளவேண்டியதுதான் என்னும் பேச்சு மொழிபெயர்ப்பு அன்பர்களிடையே நெடுநாளாக உலவி வருகிறது. பயிலரங்குகளில் கேட்கிறோம், நூல் மதிப்புரைகளில் படிக்கிறோம், விடைத்தாள் திருத்துமிடத்தில் ஆங்கிலத்துறை நண்பர்கள் தேநீரோடு சேர்த்து இதையும் வழங்குகிறார்கள். ஆங்கிலத்தில் இவேட், அவாய்டு, எலூட், எஸ்ச்யூ, ஷிர்க், டாட்ஜ் என்று ஒரு படையே அணிவகுத்து நிற்க, தமிழோ ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு திண்டாடுகிறதாம்.

இதை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். மறுப்பதோடு நில்லாமல், இந்தப் பேச்சினால் ஆதாயம் யாருக்கு என்றும் கேட்க விரும்புகிறோம். ஏனெனில் ‘தவிர்’ என்னும் நல்ல சொல் இன்று நாளிதழ்களிலும் அலுவலக மொழிபெயர்ப்புகளிலும் செய்துவரும் வேலை மொழிபெயர்ப்பு வேலை அன்று, வெள்ளையடிக்கும் வேலை.

முதலில் ஆங்கிலச் சொல்லின் பிறப்பு. ‘வாதெரே’ என்னும் இலத்தீன் வினைக்கு நடத்தல், செல்லுதல் என்று பொருள். வெளியே என்னும் பொருள் தரும் முன்னொட்டு அதனோடு சேர ‘இவேட்’ பிறந்தது. உள்ளே என்னும் முன்னொட்டு சேரப் படையெடுத்துப் புகுதலைக் குறிக்கும் ‘இன்வேட்’ பிறந்தது. ஊடே என்பது சேர எங்கும் பரவுதலைக் குறிக்கும் ‘பர்வேட்’ பிறந்தது. புகுகிறவனும் நழுவுகிறவனும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பது நம் அரசியலைக் கவனித்து வருவோர்க்கு வியப்பளிக்காது. ‘அவாய்டு’ வேறு குடும்பம்; வெறுமையாக்குதல், காலிசெய்தல் என்னும் பொருளிலிருந்து வந்தது. ‘எலூட்’ என்பதன் வேர் விளையாட்டு. ‘எஸ்ச்யூ’ என்பது கூச்சத்தைக் குறிக்கும் ‘ஷை’ என்பதன் உறவுமுறை.

பிறப்பைவிட வழக்கே முக்கியம். ஆங்கிலத்தில் ஒருவன் எதை ‘அவாய்டு’ செய்யலாம்? மழையை, வெயிலை, எண்ணெய்ப் பண்டத்தை, பிடிக்காத உறவினரை, நெரிசலான சாலையை. எதை ‘இவேட்’ செய்யலாம்? வரியை, கேள்வியை, கைதை, கடமையை, கட்டாய இராணுவச் சேவையை. இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேற்றுமை தானே விளங்கும். மழைக்கு நம்மீது உரிமை ஏதும் இல்லை. வரிக்கு உண்டு, கேட்டவனுக்கு உண்டு, கைதுசெய்ய வந்தவனுக்கு உண்டு, அல்லது உண்டு என்று அவன் நினைக்கிறான். ‘இவேட்’ என்னும் வினை நடைபெற வேண்டுமானால் நம்மிடமிருந்து ஒன்றைப் பெறவேண்டிய ஒருவர் எதிரே நின்றாக வேண்டும். அவர் கையில் அகப்படாமல் நாம் வெளியே நடந்துவிட வேண்டும். அதில் கொஞ்சம் சூதும் வேண்டும். எதிரே நிற்பவருக்கு உரிமை, போகிறவனிடம் சூது ஆகிய இவ்விரண்டும் இல்லாத இடத்தில் அச்சொல்லுக்கு வேலை இல்லை.

தமிழ்த் ‘தவிர்’ இவ்விரண்டில் ஒன்றையும் சுமப்பதில்லை. நீங்குதல், ஒழிதல், விலக்குதல் என்று அது பழந்தமிழிலிருந்தே நடந்து வருகிறது. மருத்துவர் சொல்லி உப்பைத் தவிர்க்கிறோம். வீண்சண்டையைத் தவிர்க்கிறோம். தவிர்த்தலில் விவேகத்தின் சாயல் உண்டு. பல வேளைகளில் கண்ணியத்தின் சாயலும் உண்டு. எனவேதான் நழுவுகிறவர்களுக்கு அச்சொல் அவ்வளவு இனிக்கிறது.

*

தமிழில் சொல் இல்லை என்போரை முதலில் வருமானவரித் துறைப் பக்கம் அழைத்துச் செல்வோம். ‘வரி ஏய்ப்பு’ என்ற தொடரை ஆக்கியவர் யாரென்று நாம் அறியோம். ஆனால் அவர் ‘தவிர்’ என்று எழுதி அமைதி கொள்ளவில்லை. ‘ஏய்’ என்பது ஏமாற்றுதல், வஞ்சித்தல் என்னும் பொருளில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் ஏறியுள்ள சொல். ஊர்ப்புறத்தில் ‘என்னை ஏய்ச்சிப்புட்டான்’ என்று இன்றும் வழங்குவது. அதை எடுத்து வரியோடு சேர்த்தவர் ஆங்கிலச் சொல்லின் சூதை முழுதாகப் பிடித்துவிட்டார். ‘வரி தவிர்ப்பு’ என்பது அதற்குப் பக்கத்தில் தனிக் கலைச்சொல்லாக நின்றுவிட்டது. சட்டத்தின் சந்துகளில் புகுந்து, பொய்க்கணக்கு எழுதாமலே வரியைக் குறைப்பது தவிர்ப்பு. வருமானத்தை மறைப்பது ஏய்ப்பு.

இவ்வேற்றுமை வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 1935-இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் அவை, வரி குறைவாக விழுமாறு தன் காரியங்களை ஒழுங்குபடுத்திக்கொள்ள ஒருவருக்கு உரிமை உண்டு என்று வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன் வழக்கில் தீர்ப்பளித்தது. 1985-இல் மெக்டவல் வழக்கில் நம் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி சின்னப்ப ரெட்டி அந்தக் கருத்தை வன்மையாக எதிர்த்து எழுதினார். தவிர்ப்பு என்று பெயர் சூட்டிக்கொண்டு வருவதையும் ஐயத்தோடு பார்க்கவேண்டும் என்பது அவர் எழுத்தின் போக்கு. 2012-இல் வோடஃபோன் வழக்கில் அதே நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. அவ்வாண்டே அரசு முன்தேதியிட்டுச் சட்டத்தைத் திருத்தியது. 2021-இல் அத்திருத்தத்தின் பிடியை விட்டுக்கொடுத்தது. தவிர்ப்பையும் ஓர் எல்லைக்கு மேல் செல்லாததாக்கும் பொதுவிதிகள் 2017 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தன. ஆயிரக்கணக்கான கோடி உரூபாய் இந்த இரு சொற்களுக்கு இடையிலுள்ள இடைவெளியில் ஊசலாடியிருக்கிறது. அந்த இடைவெளியைத் தமிழ் ‘ஏய்ப்பு’, ‘தவிர்ப்பு’ என்று இரண்டு சொற்களால் அளந்து காட்டிவிட்டது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

இங்கே ஓர் இடைக்குறிப்பு. தொல்காப்பிய உவமவியலில் மெய்யுவமத்துக்குரிய உருபுகளுள் ‘ஏய்ப்ப’ என்பதும் ஒன்று. போன்று இருத்தலைக் குறிக்கும் அந்த ஏய்ப்பும் வஞ்சித்தலைக் குறிக்கும் இந்த ஏய்ப்பும் ஒரே வேரா என்று வழக்காட நாம் வரவில்லை. வேர்ச்சொல் ஆராய்ச்சி தமிழ்நாட்டில் பல நட்புகளை முறித்திருக்கிறது. ஆனாலும் உண்மையான கணக்கு ‘போல’ இருப்பதுதானே பொய்க்கணக்கின் தகுதி!

*

வரி ஏய்ப்பில் இவ்வளவு கூர்மையாக இருக்கும் தமிழ், கேள்விக்கு வரும்போது மட்டும் ஏன் மழுங்கிப்போகிறது? ‘செய்தியாளர்களின் கேள்விகளுக்குப் பதில் அளிப்பதை அவர் தவிர்த்தார்.’ இத்தொடரை நாளிதழில் காணாத வாரம் உண்டா? அவர் அமைச்சராக இருக்கலாம், துணைவேந்தராக இருக்கலாம், கிரிக்கெட் அணித்தலைவராக இருக்கலாம். கேட்ட கேள்வி நியாயமானது. பதில் சொல்ல வேண்டிய இடத்தில் அவர் இருக்கிறார். அவரோ வானிலையைப் பற்றி இரண்டு சொல் சொல்லிவிட்டு மகிழுந்தில் ஏறிப் போய்விட்டார். இது தவிர்த்தலா? உப்பைத் தவிர்ப்பதைப் போலவா?

செய்தியாளர் நண்பர்கள் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு. ஒருவர் மனத்துள் புகுந்து அவர் நோக்கத்தை நாங்கள் எப்படி அறிவோம், ‘மழுப்பினார்’ என்று எழுதினால் அது எங்கள் தீர்ப்பாகிவிடாதா என்பார்கள். நியாயமான அச்சம். அப்படியானால் ‘பதில் சொல்லவில்லை’ என்று எழுதிவிட்டுப் போகலாமே. அது நடந்ததை நடந்தபடி சொல்வது. அதில் தீர்ப்பு ஏதும் இல்லை. ‘தவிர்த்தார்’ என்பது நடந்ததைச் சொல்லும் தொடரும் அன்று, நோக்கத்தைத் துணிந்து சொல்லும் தொடரும் அன்று. நழுவியவருக்கு ஒரு விவேகத்தைத் தானமாக வழங்கும் தொடர் அது.

வேடிக்கை என்னவென்றால், இதே நாளிதழ்கள் சிறுத்தை விஷயத்தில் துல்லியமாக எழுதுகின்றன. ‘வனத்துறைக்குப் போக்குக் காட்டும் சிறுத்தை’ என்பது தலைப்பு. போக்குக் காட்டுதல்! ஒரு திசையில் போவதுபோல் காட்டி வேறொரு திசையில் மறைதல். ஆங்கில ‘எலூட்’ என்பதில் ஒளிந்திருக்கும் விளையாட்டு அத்தனையும் இதில் இருக்கிறது. கூண்டுக்கு அகப்படாத விலங்குக்கு இவ்வளவு பொருத்தமான வினையைத் தேடி எடுக்கத் தெரிந்தவர்களுக்கு, ஒலிவாங்கிக்கு அகப்படாத மனிதருக்குச் சொல் கிடைக்கவில்லை என்றால் நம்புவது கடினம்.

சொல்லுக்குப் பஞ்சமா என்ன? தட்டிக்கழித்தல் இருக்கிறது, அதில் ‘தட்டு’ என்பது சொல்லை மீறுதல், ‘கழி’ என்பது நாளைப் போக்குதல் என்று இரண்டு குற்றங்கள் ஒரு தொடருக்குள் அடங்கியிருக்கின்றன. மழுப்புதல் இருக்கிறது, மழுங்கு, மழுக்கு ஆகியவற்றின் பக்கத்து வீட்டுச் சொல், கூரான கேள்வியின் முனையை மழுங்கச் செய்வது. பிடிகொடாமல் பேசுதல், பூசி மெழுகுதல், சாக்குப்போக்குச் சொல்லுதல், கைகழுவுதல், கண்ணில் மண்ணைத் தூவுதல், கம்பி நீட்டுதல், டிமிக்கி கொடுத்தல், டேக்கா கொடுத்தல் என்று எத்தனை இருக்கின்றன! ‘ஷிர்க்’ என்பதற்கு உடம்பை வளைக்காதவன் என்று நம் பாட்டிமார் சொன்னதைவிடச் சிறந்த விளக்கம் எந்த ஆங்கில அகராதியிலும் இல்லை என்று பந்தயம் கட்டுவோம். மீமிசல் கடைத்தெருவில் ஒருவரைப் பற்றி விசாரித்துப் பாருங்கள். ‘அவரா, கழுவுற மீனில் நழுவுற மீனாச்சே’ என்று விடை வரும். கையிலே அகப்பட்டு, செதிலும் களைந்து, கழுவும் பாத்திரத்துக்கே வந்துவிட்ட மீன் அது, அந்நிலையிலும் நழுவுகிறது. கடமை கழுத்தைப் பிடித்த பின்னரும் நழுவுகிறவனுக்கு இதைவிட நல்ல படிமம் உண்டா?

இவற்றுள் சில கொச்சை, உண்மைதான். டிமிக்கியைத் தலையங்கத்தில் எழுத வேண்டாம். ஆனால் தட்டிக்கழித்தலும் மழுப்பலும் எந்த அவையிலும் ஏறத் தக்கவை. உயர்ந்த நடைதான் வேண்டுமென்றால் ‘கரத்தல்’ இருக்கிறது. இரப்பவனிடம் உள்ளதை இல்லையென்று மறைப்பதற்கு வள்ளுவர் ஆளும் சொல். இரவு, இரவச்சம் ஆகிய இரண்டு அதிகாரங்களிலும் கரப்பு, கரவாமை என்று அது திரும்பத் திரும்ப வருகிறது. கேட்க ஒருவன், கையில் வைத்துக்கொண்டே ஒளிக்க ஒருவன். ஆங்கில வினை கேட்கும் இரண்டு நிபந்தனைகளும் ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய குறள் சொல்லில் நிறைவேறுகின்றன.

*

கேள்வியை நழுவவிடும் கலையைப் பற்றி நம் இலக்கணிகள் பேசாமல் விட்டார்கள் என்று நினைத்தால் அதுவும் தவறு. வினாவையும் விடையையும் வழுவாமல் காக்க வேண்டும் என்பது தொல்காப்பியக் கிளவியாக்கத்தின் விதி. விடை நேராக அமையாமல் சற்று விலகினாலும், கேட்ட பொருளோடு இயைந்திருந்தால் தள்ளவேண்டியதில்லை என்றும் அதே இயல் சலுகை தருகிறது. கருவூருக்கு வழி கேட்டவனிடம் நூலின் நிறையைச் சொல்வது போன்றவற்றைச் செப்பு வழு என்று உரையாசிரியர்கள் ஒதுக்கினார்கள்.

பவணந்தி முனிவர் நன்னூலில் விடைகளை எட்டாக வகுத்தார். சுட்டு, மறை, நேர், ஏவல், வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துபோன பகுதி, சற்றே நினைவூட்டிக்கொள்வோம். ‘இந்த வலையைப் பின்னுவாயா?’ என்று கேட்டால் ‘பின்னேன்’ என்பது மறை, ‘பின்னுவேன்’ என்பது நேர். இவையும் சுட்டும் நேர் விடைகள். ‘நீயே பின்னு’ என்றால் ஏவல். ‘பின்னாமல் இருப்பேனா?’ என்றால் வினாதல். ‘விரல் வீங்கியிருக்கிறது’ என்றால் உற்றது உரைத்தல். ‘விரல் வீங்கும்’ என்றால் உறுவது கூறல். ‘வடம் வேண்டுமானால் திரிப்பேன்’ என்றால் இனமொழி. பின்னைய ஐந்தும் நேரான விடைகள் அல்ல. ஆயினும் கேட்டவன் விடையைப் பெற்றுக்கொண்டுதான் போகிறான். விரல் வீங்கியிருக்கிறது என்று கேட்டவன், இவன் பின்னமாட்டான் என்று தெளிந்து வேறு ஆளைத் தேடுவான். சுற்றிவளைத்துச் சொல்வதும் நழுவுவதும் ஒன்றல்ல. இந்த வேற்றுமையை இலக்கணம் கண்டிருக்கிறது. நம் மொழிபெயர்ப்பாளர் பலர் இன்னும் காணவில்லை. ஆங்கிலத்தில் ‘இவேசிவ்’ என்று வருமிடத்தில் ‘மறைமுகமான பதில்’ என்று எழுதும் பழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. மறைமுகமான பதில் பதில்தான். ‘இவேசிவ்’ என்பது பதிலே அன்று.

அலுவலகத் தமிழ் ஒன்பதாவதாக ஒரு விடையைக் கண்டுபிடித்திருக்கிறது. எங்கள் பகுதியின் கடலோரச் சிற்றூர் ஒன்றுக்கு மீன் உலர்தளம் வேண்டும் என்று ஊரார் கேட்டுக்கொண்டதன்பேரில் மனு எழுதிக் கொடுத்தோம். ஓர் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது: ‘தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது. ஆவன செய்யப்படும்.’ இரண்டே தொடர்கள். முதல் தொடரில் எழுவாய் மனு. இரண்டாவதில் எழுவாய் ‘ஆவன’. மனிதர் ஒருவரும் இல்லை. செய்வோன் இல்லை, செய்யும் நாள் இல்லை, செய்யப்போவது இன்னதென்றும் இல்லை. செயப்பாட்டு வினை தமிழுக்கு அயலானது என்று சில அறிஞர்கள் குறைபட்டுக்கொள்வதுண்டு. அவர்கள் இந்த அலுவலகக் கடிதத்தைப் பார்த்தால் அது எவ்வளவு சொந்தமாகிவிட்டது என்று அறிவார்கள். மீமிசலுக்குப் பக்கத்திலேயே ஆவுடையார்கோயில் இருக்கிறது, திருப்பெருந்துறை. குதிரை வாங்கக் கொடுத்த பணத்தைக் கோயிலுக்குச் செலவிட்டுவிட்ட மாணிக்கவாசகர், பாண்டியன் ஆளனுப்பிக் கேட்டபோது ஆவணி மூலத்தன்று குதிரைகள் வரும் என்று விடை சொன்னதாகத் திருவிளையாடல் கதை. அது உறுவது கூறல். அதில் நாளாவது குறிக்கப்பட்டிருந்தது!

நீதிமன்றம் இந்த ஒன்பதாம் விடையை ஏற்பதில்லை என்பதை நம் இலக்கிய அன்பர்கள் அறிந்திருக்க வாய்ப்புக் குறைவு. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் எட்டாம் கட்டளையின் நான்காம் விதி, மழுப்பலான மறுப்புக் கூடாது என்கிறது. இன்ன தொகையை வாங்கினாய் என்று வாதி சொல்லியிருந்தால், ‘அந்தத் தொகையை நான் வாங்கவில்லை’ என்று பிரதிவாதி எழுதுவது போதாது. அந்தத் தொகையையோ அதில் ஒரு பகுதியையோ வாங்கவில்லை என்று மறுக்க வேண்டும். அல்லது வாங்கியது எவ்வளவு என்று சொல்ல வேண்டும். ஆயிரம் வாங்கவில்லை என்று சத்தியம் செய்பவன் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது வாங்கியிருக்கலாம் என்பதை அந்த விதியை வரைந்தவர்கள் அறிந்திருந்தார்கள். அடுத்த விதி இன்னும் கடுமையானது: குறிப்பாக மறுக்காததை ஒப்புக்கொண்டதாகவே கொள்ளலாம். இவ்விதியை ‘தவிர்க்கும் மறுப்பு’ என்று மொழிபெயர்த்தால் ஒரு வழக்காளிக்கும் ஒன்றும் விளங்காது. ‘மழுப்பல் மறுப்பு’ என்றால் மீன் விற்கும் அம்மாவுக்கும் விளங்கும்.

*

இதுவரை சொன்னதெல்லாம் ஏட்டு வழக்கு. இனிச் சொல்லப்போவது உயிர் வழக்கு. இதற்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

மீமிசலை அடுத்துக் கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் இருக்கின்றன, விசைப்படகுகளின் ஊர்கள். 2021 சனவரி 18 அன்று கோட்டைப்பட்டினத்திலிருந்து புறப்பட்ட படகொன்று நெடுந்தீவுக் கடற்பரப்பில் மூழ்கி நால்வர் மாண்டனர். அதே ஆண்டு அக்டோபரில் இன்னொரு கோட்டைப்பட்டினப் படகு மூழ்கியது. மூவரில் ஒருவர் மாண்டார். கைதுக்கு இணங்காமல் படகைத் தாறுமாறாகத் திருப்பியதால் கடற்படைக் கலத்தில் மோதி மூழ்கியது என்பது இலங்கைக் கடற்படையின் விளக்கத்தின் சாரம். கடற்படைக் கலமே படகின்மீது மோதியது என்பது மீனவர்களின் முறையீடு. எது உண்மையென்று கரையில் உட்கார்ந்துகொண்டு தீர்ப்புச் சொல்ல நமக்குத் தகுதி இல்லை. நாம் பேசவந்தது சொல்லைப் பற்றி.

இத்தகைய நிகழ்ச்சிகளை ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு ‘கைதை இவேட் செய்ய முயன்று’ என்பது கைக்கு எட்டும் தொடர். அந்த வினை தொடருக்குள் நுழைந்த கணத்திலேயே தீர்ப்பு முடிந்துவிடுகிறது என்பதை முன்பே கண்டோம். கைதுசெய்ய வந்தவனுக்கு உரிமை உண்டு என்பதும், விலகிப் போனவனிடம் சூது இருந்தது என்பதும் அதன் வயிற்றிலேயே இருக்கின்றன. மரணத்தை விசாரிக்கும் முன்பே மாண்டவன் குற்றவாளி. அதைத் தமிழாக்கும் நண்பர்கள் ‘கைதைத் தவிர்க்க’ என்று எழுதினால், நள்ளிரவில் நீருக்குள் உயிருக்குத் தவித்தவனை உப்பைத் தவிர்ப்பவன்போல் ஆக்கிவிடுகிறார்கள். ‘தப்ப முயன்றபோது’ என்று எழுதினால்தான் தமிழ் தன் வேலையைச் செய்யத் தொடங்குகிறது.

தப்பு என்னும் சொல்லைச் சற்று நின்று பாருங்கள். பெயராக நின்றால் குற்றம். வினையாக நின்றால் உயிரோடு மீளுதல். பிழை என்பதும் அப்படியே: பெயராகத் தவறு, வினையாக உயிர் வாழ்தல். ‘தப்பிப் பிழைத்தான்’ என்னும் தொடரில் குற்றத்தைக் குறிக்கும் இரண்டு சொற்கள் தோளோடு தோள் நின்று உயிர் மீட்சியைச் சொல்கின்றன. தவறு என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். குறி தவறுதலும் அதுவே, ஒருவர் தவறிப்போதலும் அதுவே. இது தற்செயல் என்று நமக்குத் தோன்றவில்லை. எய்தவன் பக்கம் நின்று பாருங்கள்: அம்பு குறி தப்பியது, அது அவனுக்குப் பிழை. பறவையின் பக்கம் நின்று பாருங்கள்: அது தப்பியது, பிழைத்தது. ஒரே நிகழ்ச்சிக்கு வேடன் ஒரு பெயரையும் பறவை ஒரு பெயரையும் வைத்திருக்க, தமிழ் இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்து, யார் பக்கம் நிற்கிறாய் என்று கேட்பவனிடமே விட்டுவிட்டது. ஆங்கில ‘இவேட்’ வேடன் பக்கத்துச் சொல் மட்டுமே. இரண்டு தரப்பும் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கும் ஒரு மரணத்தை எழுத, இரு பக்கமும் திரும்பும் ‘தப்பு’ என்னும் தமிழ் வினையே நேர்மையானது. சொல் வறுமை யாருடையது என்று இப்போது கேட்கலாம் அல்லவா?

இதைப் படிக்கும் கடலோர நண்பர்கள் மகிழ்ந்துபோய் நம்மைத் தங்கள் கட்சியில் சேர்த்துக்கொள்வதற்கு முன் இன்னொன்றும் சொல்லவேண்டும். 1974-இலும் 1976-இலும் இரு நாடுகளும் எல்லை வகுத்துக்கொண்டன. அந்த ஏற்பாட்டில் பாக் நீரிணை மீனவர்களைக் கேட்டவர் யாருமில்லை என்னும் குறை நியாயமானது. ஆனால் 2009-இல் போர் முடிந்து மீண்டும் கடலுக்கு வந்த வடமாகாண மீனவரும் தமிழரே. இழுவைமடியால் தம் வலைகள் அறுபடுகின்றன என்று அவர்கள் ஆண்டாண்டாகச் சொல்லிவருகிறார்கள். இழுவைமடித் தொழிலையே இலங்கை 2017-இல் தடைசெய்துவிட்டது. இக்கரையிலும் 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், கரையை ஒட்டிய குறிப்பிட்ட எல்லைக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்கிறது. அந்த எல்லைக்குள் இரவோடு இரவாக மடியை இழுத்துவிட்டு விடிவதற்குள் விலகிப் போகும் படகைப் பற்றி நாட்டுப்படகுக்காரர் ‘தப்பிட்டான்’ என்று சொல்வதில்லை. ‘ஏய்ச்சிட்டுப் போறான்’ என்கிறார். அங்கே எதிரே நிற்கும் உரிமைக்காரர் அவரே. அங்கே ‘இவேட்’ முழுப் பொருளோடு பொருந்துகிறது. ‘ஏய்’ முழுப் பொருளோடு பொருந்துகிறது. ஒரே கடல், ஒரே படகு, இரண்டு வினைகள். எதை எங்கே வைப்பது என்பது மீன் விற்பவருக்குத் தெரிந்திருக்கிறது. பட்டம் பெற்றவருக்குத் தெரியவில்லை.

*

குற்றத்தில் ஒரு பங்கு அகராதிகளுக்கும் உண்டு. ஃபப்ரிசியஸ் காலத்து 1779-ஆம் ஆண்டு அகராதி, 1862-இல் வெளிவந்த வின்சுலோ அகராதி, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த பேரகராதி ஆகியவையெல்லாம் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகின்றன. எதிர்த்திசையில் அ. சிதம்பரநாதன் செட்டியாரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் அறுபதுகளில் வெளியிட்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் பெரும்பணி. அதன் அருமையைக் குறைத்துப் பேசும் எண்ணம் நமக்கு இல்லை. ஆனால் இத்தகைய இருமொழி அகராதிகளின் இயல்பே ஒரு சொல்லுக்கு எதிரே நாலைந்து தமிழ்ச் சொற்களைக் காற்புள்ளியிட்டு அடுக்குவதுதான். எந்தச் செயப்படுபொருளுக்கு எந்த வினை என்று அந்தக் காற்புள்ளிகள் சொல்வதில்லை. மாணவர் முதலில் நிற்பதை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்; இப்போது அவருக்காகக் கணிப்பொறியே எடுத்துத் தந்துவிடுகிறது. 1992-இல் வந்து 2008-இலும் 2020-இலும் விரிவாக்கப்பெற்ற க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, ஒவ்வொரு பொருளுக்கும் எடுத்துக்காட்டுத் தொடரைத் தந்தது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும் திசையில் அப்படியொரு நூலுக்கு இன்னும் காத்திருக்கிறோம்.

அது வரும்வரை கைச்செலவுக்கு இவ்வளவு போதும்: வரியா, ஏய்க்கிறான். கேள்வியா, மழுப்புகிறான். கடமையா, தட்டிக்கழிக்கிறான். துரத்துகிறவர்களா, போக்குக் காட்டுகிறான். உயிருக்கா, தப்புகிறான். பின்னும் ஒரு வழக்கு மிச்சம் இருக்கிறது. உறக்கம் ஒருவரை ‘இவேட்’ செய்தது, வெற்றி ஓர் அணியை ‘இவேட்’ செய்தது என்று ஆங்கிலத்தில் எழுதுவார்கள். அண்மையில் நம் பார்வைக்கு வந்த மொழிபெயர்ப்பு நாவல் ஒன்றின் கையெழுத்துப்படியில் ‘நித்திரை அவளைத் தவிர்த்தது’ என்று கண்டோம். நித்திரைக்கு என்ன கோபமோ! ‘கண் மூடவில்லை’ என்று திருத்தி அனுப்பினோம். மூலத்தின் அழகு போய்விட்டது என்று மறுமொழி வந்தது. அப்படியே இருக்கட்டும் என்று நாமும் விடுவதாக இல்லை. இரண்டாவது படியும் நம் கைக்குத்தான் வரவேண்டும்.